பம்பு சீறும் நேரம்

ஸ்டோர் லயம், போடிமெட்டுக்கு மேல்
9-6-2024

முனீஸ்வரிக்கு,

கடிதம் என்றால் முதலில் சுகமா என்று கேட்க வேண்டுமாம், சந்திரவல்லி சொல்கிறாள். நான் இங்கே இரைத்துக்கொண்டு கிடக்கும்போது உன் சுகத்தை என்ன கேட்க? அதை விடு என்று சொல்லிவிட்டேன். அடுத்த வீட்டுச் சந்திரவல்லிதான் இதை எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது, காது தெரியும். நான் சொல்லாத ஒரு சொல்லை அவள் கூட்டி எழுதினாலும், திரும்ப வாசிக்கச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுவேன்.

மேஸ்திரி டவர் கிடைக்கிற இடத்துக்குப் போனபோது நீ அவனுக்குப் போன் போட்டு, அப்பனைக் கூப்பிடு என்றாயாம். இந்த எஸ்டேட் லயத்து வீடுகளில் டவர் கிடையாது. கிடைத்தாலும் பேச மாட்டேன். உன் குரலைக் கேட்டால் கோபம் வருகிறது. கோபம் வந்தால் இரைக்கிறது. இரைத்தால் எனக்குப் பேச்சு நின்றுபோகிறது, நீ மட்டும் பேசுகிறாய். கடிதத்தில் அந்தச் சங்கடம் இல்லை. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நீ குறுக்கே வர முடியாது.

வியாழக்கிழமை உன் வீட்டிலிருந்து சொல்லாமல் ஏன் ஜீப் ஏறினேன் என்று கேட்டாயாம். மாப்பிள்ளை கண் முன்னாலேயே என் சிவப்பு இருமல் டானிக்கை எடுத்து, பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றினாய். கள்ளச்சாராயம் பிடித்த போலீஸ்காரி மாதிரி பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாய். மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரைப்புக்கு வாயில் வைத்து அடிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த பம்பு இரண்டும், நீலமும் சரி, ஆரஞ்சும் சரி, வெறும் காற்று. டானிக் குடித்தால் இருமல் நிற்கிறது, தூக்கம் வருகிறது. பம்பு அடித்தால் நாக்குக் கசக்கிறது, அதோடு சரி. போன ஆடி மழையில் என்னைக் கம்பளியில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கி வந்து, ஜீப்பில் ஒவ்வொரு வளைவுக்கும் உருட்டிக்கொண்டு கீழே கொண்டுவந்தார்களே, அன்றைக்கு டாக்டர் உன்னிடம், "இன்னொரு தடவை இப்படி வந்தா என் கையில இல்லம்மா" என்றார். எனக்கு நினைவில்லை என்று நினைத்தாய். கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். சட்டைப்பையில் பச்சை மசிப் பேனா வைத்திருந்தார்.

மறுபடி மழை வரப்போகிறது. சிவப்பு டானிக் ஒன்று வாங்கிச் சோலைமலை ஜீப்பில் கொடுத்துவிடு. வெள்ளை மூடி போட்டது.

வீரையா
(பெருவிரல் ரேகை)


போடிநாயக்கனூர்
13-6-2024

அய்யாவுக்கு,

நான் குறுக்கே வர முடியாது என்று சந்தோசப்பட வேண்டாம். இப்போது நீங்களும் வர முடியாது.

டானிக்கைக் கொட்டினேன். இன்னொரு பாட்டில் கண்ணில் பட்டால் அதையும் கொட்டுவேன். உங்கள் மாப்பிள்ளை முன்னால் கொட்டியது தப்பு. கொட்டியது தப்பில்லை.

அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மூடியில் அளக்காமல் பாட்டிலை அப்படியே வாயில் கவிழ்த்துவிட்டுப் படுத்தீர்கள். நான் ஏலக்காய் ஷெட்டுக்குக் கிளம்பும்முன் இட்லி வைத்து எழுப்பினேன். எழவில்லை. தோளை உலுக்கினேன். காது மடலைக் கிள்ளினேன். மூச்சு உள்ளே போவதும் தெரியவில்லை, வெளியே வருவதும் தெரியவில்லை. அம்மா போன அன்றும் நான் இப்படித்தான் கிள்ளினேன். அப்புறம் நீங்கள் கண்ணைத் திறந்து, "என்னடி, ஒனக்கு வேற சோலி இல்லையா" என்றீர்கள். இட்லியைத் தின்றீர்கள். எனக்கு அன்றைக்கு ஷெட்டில் கை ஓடவில்லை, பெருங்காயையும் சிறுகாயையும் கலந்து போட்டுத் திட்டு வாங்கினேன்.

காலிப் பாட்டிலை டாக்டரிடம் காட்டினேன். இது இருமலை மட்டும் அமுக்காது, ஆளையே அமுக்கும், வெளியே வர வேண்டிய சளி உள்ளே தங்கிப்போகும், உங்கள் நெஞ்சு இருக்கிற இருப்புக்கு மூச்சே மந்தமாகிவிடும் என்றார். "யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார். யாரும் எழுதவில்லை, கடையில் கேட்டு வாங்கியது என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

பம்பு விசயத்தை மறுபடி சொல்கிறேன். நீலம், மூச்சு முட்டும்போது. ஆரஞ்சு, முட்டினாலும் முட்டாவிட்டாலும் காலையும் சாயங்காலமும். நன்றாக இருக்கும்போது எதற்கு என்று கேட்பீர்கள். ஏலச்செடியில் பேன்பூச்சி விழுந்த பிறகா மருந்து அடித்தீர்கள்? விழுவதற்கு முன்னாலேயே அடிப்பீர்களே, அதே மாதிரிதான். புது நீலப் பம்பு ஒன்று சோலைமலையிடம் கொடுத்திருக்கிறேன். டானிக் கொடுக்கவில்லை.

முனீஸ்வரி


ஸ்டோர் லயம்
20-6-2024

முனீஸ்வரிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். ஆரஞ்சைக் காலையும் சாயங்காலமும் அடித்தேன். நீலத்தை முட்டும்போதெல்லாம் அடித்தேன். முட்டாத நேரம் குறைவு என்பதால் நீலம் தீர்ந்துவிட்டது. குலுக்கினால் சத்தம் இல்லை. இதுதான் நடந்தது: கை நடுங்குகிறது, டீக் கிளாஸ் கையில் நிற்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நாக்கில் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளை படிந்து கிடக்கிறது, சோறு இறங்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது. மூச்சு மட்டும் பழைய மூச்சுதான். லயத்துக்கும் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கும் நடுவில் ஒரு பலா மரம் இருக்கிறதே, அதுவரைக்கும் நடந்தால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். குரங்கு மேலேயிருந்து என்னைப் பார்க்கிறது, இவன் ஏன் ஏற மாட்டேன் என்கிறான் என்று.

காய் பொறுக்கும் பெண்கள், "பெருசு, பீடிய விட்டுப்புட்டு பிளாஸ்டிக்கு பீடி பிடிக்கிறீகளா" என்று கேலி பேசுகிறார்கள். உன் அம்மா மூக்கம்மாள் போனதற்கு மறுநாள் பீடியை விட்டவன் நான். பீடி விட்டவனுக்கு இரைப்பு. பீடி குடிக்கிற மேஸ்திரி மேடேறி ஓடுகிறான். இதற்கு உன் டாக்டர் என்ன சொல்கிறார்?

பம்பு இனிமேல் வேண்டாம். காசுக்குப் பிடித்த கேடு.

வீரையா
(பெருவிரல் ரேகை)

(முனீஸ்வரி, பெரியவருக்கு வாசித்துக் காட்டிய பிறகு இதை நானாக எழுதுகிறேன். சோலைமலை போன திங்கட்கிழமை இவருக்கு டானிக் வாங்கிக் கொடுத்திருக்கிறான். காய் எடுப்புக்கு முன்னால் ஸ்டோர் அடுப்பை மூட்டிப் பார்த்தார்கள். விறகு தள்ளுகிறவர் இவர். டானிக்கைக் குடித்துவிட்டு அடுப்பு வாயிலேயே உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறார். தோளில் கிடந்த துண்டு பற்றி எரிகிறது, இவருக்குத் தெரியவில்லை. நான்தான் தண்ணீர் ஊற்றினேன். "எதுக்குடி என்னய நனைச்ச" என்று என்னைத் திட்டினார். - சந்திரவல்லி)


போடிநாயக்கனூர்
24-6-2024

அய்யாவுக்கு,

ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். சோலைமலை லோடு ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, அவருக்கு டானிக் வாங்கிக் கொடுத்தியா?"

"பெருசு கேட்டுச்சுக்கா. இருமல் மருந்துதான. என்ன, வெசத்தையா வாங்கிக் கொடுத்தேன்?"

"இனி அவரு டானிக் கேட்டா அரளி வெதை கேட்டாருன்னு நெனச்சுக்க."

"அரளி வெதைய நான் ஏத்துவேனாக்கா?"

"அப்ப இதையும் ஏத்தாத."

ஸ்டாண்டில் அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். துண்டு எரிந்ததை நீங்கள் சொல்லவில்லை. கூட்டி எழுதினால் கண்டுபிடிப்பேன் என்றவருக்குச் சந்திரவல்லி அக்கா எழுதியது தெரியவில்லை பாருங்கள். அக்காவைத் திட்டினால் நானே மேலே வந்துவிடுவேன்.

நாக்கு வெள்ளை, கை நடுக்கம், நெஞ்சுத் துடிப்பு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். ஆரஞ்சு அடித்துவிட்டு வாய் கொப்பளிக்கிறாரா என்றார். கொப்பளிக்க வேண்டும் என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இனிமேல் கொப்பளித்துத் துப்புங்கள். நாக்கில் தடவ மருந்தும் புது நீலப் பம்பும் இத்துடன் இருக்கின்றன. நீலத்தை இஷ்டத்துக்கு அடிக்கக் கூடாதாம். நடுக்கம் அதனால்தான். எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் தேவைப்பட்டால் பம்பைத் தேட வேண்டாம், ஆஸ்பத்திரியைத் தேடுங்கள் என்றார். அப்புறம் ஒன்று கேட்டார்.

"மருந்து வாயிலயே நிக்குது போல, நெஞ்சுக்குப் போகல. அவர் எப்படி அடிக்கிறாரு? யாராவது பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை, அய்யா. ஆஸ்பத்திரியில் கூட்டத்தில் நர்ஸ் ஒருமுறை காட்டினார், நீங்கள் தலையாட்டினீர்கள், நானும் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இங்கே இருந்தபோதும் கொல்லைப்பக்கம் போய்த்தான் அடித்தீர்கள். எனவே எப்படி அடிக்கிறீர்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லி அனுப்புங்கள். பேனா மசி வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறவருக்கு இதைச் சொல்வது கஷ்டமா?

சந்திரவல்லி அக்கா, இது உங்களுக்கு. உதடோ நகமோ நீலம் பாய்ந்தாலும், ஒரு பேச்சை முழுசாக முடிக்க முடியாமல் அவர் திணறினாலும், கடிதம் எழுத உட்காராதீர்கள். ஜீப்பில் ஏற்றிவிடுங்கள்.

முனீஸ்வரி


ஸ்டோர் லயம்
28-6-2024

முனீஸ்வரிக்கு,

சந்திரவல்லியைத் திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். இப்போது எழுத ஆள் வேண்டும் என்பதால் பேசிவிட்டேன்.

ஒன்றுவிடாமல் கேட்டாய். எழுது சந்திரவல்லி, வெரசாப் போகாதே.

மூடியைக் கழற்றுவேன். நன்றாகக் குலுக்குவேன். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கும், இது யாருக்கும் தெரியும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பேன். காற்று முதுகில் அடிக்கிற மாதிரி திரும்பி நிற்பேன். அதற்குத்தான் கொல்லைப்பக்கம் போனேன், உங்கள் வீட்டுக்குள் காற்றே கிடையாது. பம்பை வாயில் வைப்பேன். அமுக்குவேன். அமுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். உஸ்ஸென்று சீறி முடிகிறவரை ஒரு பொட்டு மூச்சு உள்ளே போகாது. கசப்பு நாக்கில் இறங்கும், விழுங்குவேன். எல்லாம் அடங்கின பிறகு மூக்கு வழியாக மெல்ல மூச்சு வாங்குவேன். இதில் எங்கே குறை கண்டாய்?

அடக்குவதை எனக்கு எந்த நர்ஸும் காட்டித்தர வேண்டியதில்லை. நான் ஏலச்செடிக்குப் பூச்சிமருந்தடிக்கிற பம்பைத் தோளில் மாட்டியபோது நீ பிறக்கவில்லை. அழகுமலைதான் எங்களுக்குத் தலையாள். கொளுத்துகிற வெயிலிலும் குடையை விரிக்க மாட்டார், கக்கத்திலேயே இருக்கும். புதிதாக வந்தவன் சீறல் சத்தத்தில் மூச்சு இழுத்தானோ, குடைக்காம்பால் விலாவில் ஒரு குத்து. "சீறுச்சுன்னா செத்த பொணமா நில்லுடா. இழுத்தா நெசமாவே பொணம்தான்" என்பார். சிலமலை ஊர்க்காரன் ஒருவன் என்னோடுதான் வேலைக்குச் சேர்ந்தான். தெற்றுப்பல். பேச்சை நிறுத்தாமலே மருந்து அடிப்பான். ஒரு நாள் சாயங்காலம் வாயில் நுரையோடு அவனைச் சாக்கில் கிடத்திக் கீழே கொண்டுபோனார்கள். அவன் போட்டிருந்த பச்சைக் கட்டம் போட்ட சட்டை வேலியிலேயே வெகுநாள் கிடந்தது. நான் தலை நரைக்கிறவரை அடித்தேன். எப்படி? அடக்கத் தெரிந்ததால். இன்றைக்கும் மேஸ்திரி கொசுவுக்கு ஸ்பிரே அடித்தால், நான் நினைக்காமலே என் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

செடிக்கு அடிக்கிற மாதிரிதான் என்று நீயும் எழுதினாய். அப்படியேதான் அடிக்கிறேன். இதை டாக்டரிடம் வாசித்துக் காட்டு. குறை பம்பில்தான்.

வீரையா
(பெருவிரல் ரேகை)


போடிநாயக்கனூர்
1-7-2024

அய்யாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஷெட்டில் வைத்து வாசித்தேன். பக்கத்தில் காய் பிரிக்கிறவள், "என்னடி, சிரிக்கிறியா அழுகுறியா" என்றாள். எனக்கே தெரியவில்லை.

பம்பில் குறையில்லை. நீங்கள் மூச்சை அடக்குகிற அந்த நேரம்தான் மூச்சை இழுக்க வேண்டிய நேரம். முதலில் உள்ளே இருக்கும் மூச்சை வெளியே விட வேண்டும். பம்பை உதட்டால் கவ்வ வேண்டும். அமுக்குவதும் மெதுவாக இழுப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். இழுத்து முடித்த பிறகுதான் அடக்க வேண்டும். இத்தனை நாளும் மருந்தை நெஞ்சுக்கு விடாமல் வாசலிலேயே நிறுத்தி, விழுங்கியிருக்கிறீர்கள். நெஞ்சுக்கு ஒன்றும் சேரவில்லை, கைக்கு நடுக்கம் மட்டும் சேர்ந்திருக்கிறது.

செடிக்கு அடிக்கிற மாதிரி என்று எழுதினேனே, அதற்கு என் கையைத்தான் ஒடிக்க வேண்டும். இது வெசம் இல்லை அய்யா. இழுங்கள்.

முனீஸ்வரி


ஸ்டோர் லயம்
6-7-2024

முனீஸ்வரிக்கு,

எழுதுவது சுலபம்.

இழுக்கப் பார்த்தேன். முடியவில்லை. விரல் அமுக்குகிறது. சீறுகிறது. தொண்டை கதவைச் சாத்திக்கொள்கிறது. நான் சாத்தவில்லை. தானாகச் சாத்துகிறது. சந்திரவல்லி எதிரே நின்று, "இழுங்க, இழுங்க" என்று கத்தினாள். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற மாதிரி. சீறலுக்கு முன்னால் இழுத்துவிடுகிறேன். இல்லையென்றால், எல்லாம் முடிந்த பிறகு இழுக்கிறேன். நடுவில் இழுக்க என் கழுத்து சம்மதிக்கவில்லை. அழகுமலை செத்து எத்தனை காலம் ஆகிறது. விலாவில் குத்து விழும் என்று இன்னும் பயப்படுகிறது.

மழை பிடித்துக்கொண்டது. பலா மரம் வரைக்கும்கூடப் போகவில்லை.

என் உடம்பே என் பேச்சைக் கேட்கவில்லை. உன் பேச்சையா கேட்கப்போகிறது. விட்டுவிடு. இனிமேல் ஒன்றும் அனுப்பாதே.

வீரையா

(ரேகை வைக்கவில்லை, படுத்துவிட்டார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார். உதடு நீலமில்லை, பார்த்துவிட்டேன். ஜீப்பில் ஏறச் சொன்னால் கட்டில் காலைப் பிடித்துக்கொள்கிறார். நீ வா. - சந்திரவல்லி)


போடிநாயக்கனூர்
8-7-2024

அய்யாவுக்கு,

இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். ஆளே வரும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் வாயைத் திறந்தால் உங்களுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் இரைக்கும். அதனால் சந்திரவல்லி அக்கா வாசிக்கட்டும். நான் பேசாமல் பக்கத்தில் நிற்கிறேன்.

உங்கள் தொண்டைக் கதையை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவர் பொழைச்சுக் கிடக்கறதே அந்தப் பழக்கத்தாலதான், அத மாத்தச் சொல்லிச் சண்ட போட வேணாம்" என்றார். ஸ்பேசர் என்று ஒன்று எழுதிக் கொடுத்தார். முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே கிடைத்திருக்கும்.

இப்போது நான் உங்கள் கையில் வைப்பதுதான் அது. ஒரு பக்கம் பம்பைச் செருகுகிற ஓட்டை, மறுபக்கம் வாய் வைக்கிற இடம், நடுவில் வெறும் குடுவை. பம்பை நன்றாகக் குலுக்கிச் செருகுங்கள். நெஞ்சிலிருக்கிற மூச்சை வெளியே விடுங்கள். வாயை வைத்துக் கவ்வுங்கள். அமுக்குங்கள். பம்பு அந்தக் குடுவைக்குள் சீறும், உங்கள் வாய்க்குள் சீறாது. சீறும்போது, அழகுமலை சொன்னபடியே, அடக்கிக்கொண்டு நில்லுங்கள். சீறல் அடங்கினதும், தாமதிக்காமல், குடுவையில் நிற்கிற மருந்தை மெதுவாக இழுங்கள். தாமதித்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். இழுத்த பிறகு முடிந்த மட்டும் அடக்குங்கள். அடக்குவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

அவ்வளவுதான். அக்கா வாசித்து முடித்தாயிற்று. அடியுங்கள், நான் பார்க்கிறேன். இதற்கும் கேட்காவிட்டால், சோலைமலை வெளியே நிற்கிறான். கட்டிலோடு தூக்குவோம்.

முனீஸ்வரி


ஸ்டோர் லயம்
21-7-2024

முனீஸ்வரிக்கு,

நீ வந்து நின்ற அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் தடவை நான் அமுக்கி, சீறி, அடங்கி, இழுத்தபோது நீ முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். எனக்கு மூச்சு முட்டும்போதும் கண் தெரியும்.

அன்றைக்கு நீ கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்து முடிப்பதற்குள், நெஞ்சில் கட்டியிருந்த கயிற்றை யாரோ ஒரு முறுக்கு அவிழ்த்த மாதிரி இருந்தது. உடனே சொல்லவில்லை, நீ பெருமைப்படுவாய் என்று. ஆரஞ்சையும் அதே குடுவையில்தான் காலையும் சாயங்காலமும் போடுகிறேன், கொப்பளித்துத் துப்புகிறேன். நாக்குச் சிவந்துவிட்டது, கருவாட்டுக் குழம்பு இறங்குகிறது. நீலத்தை எடுத்து மூன்று நாள் ஆகிறது. காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் இன்னும் பார்த்துக்கொள்கிறேன், அதை என்னால் விட முடியாது.

நீ மேஸ்திரியிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாய் என்று தெரியவில்லை. அடுப்புப் பக்கமே என்னை விட மாட்டேன் என்கிறான். என்னைக் கேலி பேசின அதே பெண்களோடு உட்கார்ந்து காய் பொறுக்கச் சொல்கிறான். புகையில் நின்றால் மருந்து போட்டு என்ன புண்ணியம் என்று எனக்கே பாடம் எடுக்கிறான், வாயில் பீடியோடு. பொறுக்குகிறேன். அந்தப் பெண்களுக்கு வாய் ஓய்வதில்லை. ஒருத்திக்கு இருமல், உங்கள் பம்பைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டாள். ஒருத்தர் மருந்து ஒருத்தருக்கு ஆகாது, ஜீப்பில் ஏறிப் போய்க் காட்டு என்று சொன்னேன். "மகள மாதிரியே பேசுதே பெருசு" என்று சிரிக்கிறார்கள். இவர்கள் உன் பேச்சை எப்போது கேட்டார்கள்?

சந்திரவல்லி சொல்கிறாள், இந்தக் கடிதத்தில் நான் நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லையாம், அவளுக்குத்தான் கை வலிக்கிறதாம், மெதுவாகச் சொல்லும்படி என்னைக் கும்பிடுகிறாள்.

எனவே ஒன்று. டானிக் விசயம் இன்னும் முடியவில்லை. மாப்பிள்ளை முன்னால் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாயே, அதற்கு நான் இன்னும் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க அன்றைக்கு மூச்சில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோலைமலை ஜீப்பில் டவர் கிடைக்கிற இடம்வரை வந்து உனக்குப் போன் போடுகிறேன். நீ உன் பக்கத்தைப் பேசு, நான் என் பக்கத்தைப் பேசுகிறேன். பாதியில் வைத்துவிடாதே. பேச நிறைய இருக்கிறது.

வீரையா
(பெருவிரல் ரேகை)